சத்தமில்லாத மெஷின்

எங்கள் தெருவில் ஒரு பெண் டாக்டர் ஆகப்போகிறாள் என்று தெரிந்ததும் முதலில் வந்து சேர்ந்தது ஒரு பூனை. பின்னங்காலில் அடிபட்டது. அதை அட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கி வந்த முட்டைக்கடைக்காரர் குஷன் கடை வாசலில் நின்று நியாயம் கேட்டார்.

"வவ்வாலுக்கே பாக்குறாங்க. பூனைக்குப் பாக்க மாட்டாங்களா?"

குஷன்காரர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளை எடுத்தார். "எம் பொண்ணு வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லீங்க. கண்டுபிடிக்கிற டாக்டர்."

முட்டைக்கடைக்காரர் பூனையைப் பார்த்தார். "அப்ப இதுக்கு என்னன்னாவது கண்டுபிடிக்கச் சொல்லுங்களேன்."

நான் எதிர்வீடு. ரிப்பேருக்கு வரும் சோபாக்களில் உட்கார்ந்து பேப்பர் படிக்க எனக்கு எழுதாத உரிமை உண்டு. அதனால் ஊரில் எந்தப் பெரிய மனிதர் வீட்டு சோபாவில் ஸ்பிரிங் குத்துகிறது என்பது எனக்கு அத்துப்படி. முன்னால் கடை, பின்னால் வீடு. நடுவில் இருக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தும் யாரும் போட்டதில்லை. கடையில் பழைய துணியைக் கிழித்து, பின்னை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அமுங்கிப்போன ஃபோமைத் தூக்கிப்போட்டு, மரச்சட்டத்தைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. ரெக்ஸின் தைப்பது அவர் மனைவி. அந்த மெஷின் ஓட ஆரம்பித்தால் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி கூடவே பேசும். கிழித்த சோபாவின் இடுக்கிலிருந்து சீப்பு, சாவி, ஒருமுறை ஒரு கட்டுப்பல் எல்லாம் வந்திருக்கின்றன. பல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த வீட்டில் யாரும் அது தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை.

பஞ்சும் நாரும் ஃபோமும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். தகரக் கூரைக்கும் அதன் கீழ் அடித்திருந்த பலகைக்கும் நடுவே பரண் மாதிரி ஓர் இருட்டு. அங்கே வவ்வால் இருந்தது. பழம் தின்னும் பெரிய ரகமில்லை, கட்டைவிரல் அளவே இருக்கும், பூச்சி பிடிக்கும் சின்ன ரகம். பொழுது சாயும்போது கூரை இடுக்கிலிருந்து, யாரோ கறுப்புத் துணியைக் கிழித்துக் கிழித்து எறிகிற மாதிரி வெளியே வரும். வேறு வீடாயிருந்தால் புகை போட்டு விரட்டியிருப்பார்கள். இந்த வீட்டில் பெண் அதைப் பற்றிப் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

படிப்பு என்னவென்று தெருவுக்கு விளக்கும் பொறுப்பை குஷன்காரரே எடுத்துக்கொண்டார். சோபா கேட்டு வந்தவர்கள் அதைக் கேட்காமல் போக முடியாது.

"வவ்வாலு கத்தும். அந்தச் சத்தம் போய் பூச்சி மேல பட்டுத் திரும்பி வரும். திரும்பி வந்ததை வெச்சு எங்க இருக்கு, எவ்வளவு பெருசுன்னு கண்டுபிடிக்கும். கடல்ல பல்லு வெச்ச திமிங்கலம், டால்பின் எல்லாம் அதே வேலைதான் பண்ணுது. இது தொண்டையில கத்துது, அது மூக்குக்குள்ள கத்துது. எங்கயோ பிறந்து எங்கயோ வளர்ந்த ரெண்டு ஜாதி. ஆனா இரைகிட்ட நெருங்க நெருங்க ரெண்டும் எப்படி கத்துது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு பின் அடிக்கும் துப்பாக்கியை எடுத்து, கிடைத்த பலகையில் அடித்துக் காட்டுவார். டக். டக். டக்-டக். டக்டக்டக். டர்ர்ர்ர். "புடிச்சாச்சு!"

வந்தவர் காதைத் தடவிக்கொண்டு, "எங்க சோபா எப்ப கிடைக்கும்?" என்பார்.

"அந்தத் திமிங்கலத்துக்குப் பல்லு இருக்காம், ஆனா மெல்லாதாம். அப்படியே முழுங்கிடுமாம்" என்று உள்ளேயிருந்து பெண்ணின் அம்மாவின் குரல் வரும். "இவரு சாப்பிடுறதைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும், அப்படி ஒண்ணு கடல்லயும் இருக்கும்னு."

பெண்ணுக்குத் தெருவில் வவ்வால் என்றே பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பரணில் மைக்கும், பேட்டரியில் ஓடும் ரெக்கார்டரும் வைத்துப் பதிவு செய்தாள். ஒரு பருவம் முழுக்க ஆய்வுப் படகில் போய்க் கடலுக்குள் மைக்கை இறக்கி டால்பின்களைப் பதிவு செய்தாள். டால்பின் பேசிய நேரத்தைவிடத் தான் வாந்தி எடுத்த நேரம் அதிகம் என்று சொன்னாள். மறுபடி அந்தப் படகில் ஏற வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பட்டம் வந்தால் அதில் ஒரு வேலை இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் சிபாரிசு செய்தால் போதும்.

பேராசிரியரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தும்மினால்கூட மேற்கோள் காட்டுகிற மாதிரி தும்முவார். ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் அவருடைய செல்லப் பிள்ளை. குஷன் கடைக் கூரையில் இருக்கும் வவ்வால்கள், அதே இனத்தைச் சேர்ந்த மற்றக் கூரை வவ்வால்களைவிடக் கொஞ்சம் உச்சமான குரலில் கத்துகின்றன என்று பெண் பதிவு செய்திருந்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கூரைக்கும் ஒரு பண்பாடு, ஒரு குரல் மரபு. அதற்குக் 'கூரைப் பண்பாட்டுக் கோட்பாடு' என்று பெயர் வைத்தார். பத்திரிகைக்காரரைக் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் கடைக்கு வந்து, கூரையை அண்ணாந்து பார்த்தபடி மோவாயில் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். தூசி ஒத்துக்கொள்ளாது என்று பரணில் மட்டும் ஏறவில்லை. போகும்போது, "இந்தக் கூரை வரலாற்றில் நிற்கும்" என்றார். குஷன்காரர் அன்று சாயங்காலமே ஏறி, ஒழுகுகிற இடத்தில் தார் பூசினார்.

வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அம்மாவின் அண்ணன், பெண்ணுக்கு மாமா, எங்கள் தெரு நலச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் வேறு பதவிகளும் உண்டு, அவற்றையும் அவரே பார்க்கிறார். 'எங்கள் தெருவின் முதல் டாக்டர்' என்று ஆள் உயரத்துக்குப் பலகை எழுதி வாங்கிவிட்டார். அதில் பெண்ணின் படத்தைவிட வாழ்த்துவோர் படம் கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்டது.

மழை வரும்போல வானம் மூடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் ஒரு வக்கீல் வீட்டு மூன்று பேர் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். பெண் மடிக்கணினியோடு வேகமாக உள்ளே வந்தாள். மாமா பலகையை எங்கே சாத்துவது என்று அளந்துகொண்டிருந்தார். அம்மா தட்டில் ரொட்டியும் முட்டையும் வைத்து எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பரண்ல கரண்ட் சம்பந்தமா ஏதாவது இருக்கா?"

"லைட்டுகூட இல்லையே கண்ணு. ஏன்?"

"இதைப் பாருங்க." திரையைத் திருப்பினாள். வவ்வால் கத்துவதெல்லாம் அதில் சாய்ந்த சாய்ந்த கீறல்களாக இருந்தது. அவற்றுக்குக் கீழே, ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை, மெல்லிய நேர்க்கோடு. "இந்தக் கோடு நம்ம கூரைப் பதிவுல மட்டும்தான் இருக்கு. மனுஷன் காதுக்குக் கேக்காத சத்தம். ரெக்கார்டர் இரைச்சல்னு சார் சொன்னாரு, நானும் விட்டுட்டேன். இப்ப இதைப் பாருங்க. இது அன்னிக்கு மழைக்கு முந்தி காத்தடிச்சு கரண்ட் போச்சே, அன்னிக்கு எடுத்தது."

கோடு பாதியில், கத்தரித்த நூல் மாதிரி நின்றிருந்தது. அதற்கப்புறம் வந்த கீறல்கள் எல்லாம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தன.

"என் ரெக்கார்டர் பேட்டரில ஓடுது. கரண்ட் போனா அதுக்கு ஒண்ணும் ஆகாது. அப்ப இந்தக் கோடு ரெக்கார்டரோடது இல்ல. சுவத்துல செருகின ஏதோ ஒண்ணு. அது நின்னதும் நம்ம வவ்வாலும் மத்த வவ்வால் மாதிரியே கத்துது. இத்தனை நாளும் அது உச்சத்துல கத்தினது பண்பாடும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த இரைச்சல்ல தன் எதிரொலி கரைஞ்சிடக் கூடாதுன்னு குரலை மேல ஏத்தியிருக்கு. சந்தையில நாம கத்திப் பேசறோமே, அது மாதிரி. அப்பா, அங்க என்ன இருக்கு?"

குஷன்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். மென்றாரா முழுங்கினாரா தெரியவில்லை. எழுந்து போய், பரணுக்கு ஏறும் ஏணிக்குப் பின்னால், ஃபோம் அடுக்குக்குமேல் கையை நீட்டிக் காட்டினார். சோப்புப் பெட்டி அளவில் ஒன்று சுவரில் செருகியிருந்தது. பச்சைப் புள்ளியாக ஒரு விளக்கு.

"எலிக்கு" என்றார்.

"எலிக்கா?"

"முதல் வாரமே உன் ஒயரைக் கடிச்சு வெச்சுதே கண்ணு. நீ அழுதே. மருந்து வெக்காதீங்க, பொறி வெக்காதீங்க, ஒரு சத்தம் வரக் கூடாது, வவ்வாலைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லிட்டே. கடையில கேட்டேன். இது போட்டா எலி ஓடிடும், சத்தமே வராதுன்னான். நானும் காதை ஒட்ட வெச்சுக் கேட்டுப் பாத்துத்தான் வாங்கினேன். சத்தமே இல்ல. உங்கம்மாவையும் கேக்கச் சொன்னேன்."

"எனக்கும் கேக்கல" என்றாள் அம்மா, சாட்சிக் கூண்டில் நிற்பவள் மாதிரி.

பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நான் பேப்பரை மடித்தேன்.

"இத்தனை நாளா கத்திட்டு இருக்கு அப்பா அது. வவ்வாலுக்கு மட்டும்."

"இப்பவே புடுங்கிடறேன்."

"தொடாதீங்க! அது இப்ப என் சாட்சி."

மாமா பலகையைச் சுவரில் சாத்திவிட்டுத் தொண்டையைச் செருமினார். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் படிப்பதற்குமுன் செருமுகிற அதே செருமல். "சரி, இப்ப என்ன ஆயிடுச்சு? இந்த ரூம்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். வெளியே யாரும் சொல்லப் போறதில்ல. எலியும் சொல்லாது. இல்லையா மாப்ள?"

குஷன்காரர் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த யோசனையைத் தள்ளவில்லை என்பதை நான் பார்த்தேன். குற்றம் செய்தவனுக்கு மறைக்கிற வழி ஒன்று காட்டினால் கண் கொஞ்சம் அந்தப் பக்கம் போகத்தானே செய்யும்.

அம்மாதான் பேசினாள். "அண்ணே, நீ கொஞ்சம் ரொட்டி சாப்பிடு. ஏங்க, அந்தப் பல் டாக்டர் வீட்டு சோபாவுல பின்பக்கத் தையல் கோணிப்போச்சே, ஞாபகம் இருக்கா? சுவத்தோட ஒட்டிப் போடுற சோபா. அவங்க ஆயுசுக்கும் பின்னாடி பாக்கப் போறதில்ல. நான் விடுங்கன்னேன். நீங்க முழுசும் பிரிச்சு என்னைத் திரும்பத் தைக்க வெச்சீங்க. அன்னிக்கு மட்டும் யாருக்குத் தெரியும்னு தோணலையா?"

"அது சோபாடி. இது பொண்ணோட வாழ்க்கை."

"நான் அந்த சோபாவைத்தான் தைச்சேன். கை வலிச்சது எனக்கு."

பேராசிரியருக்குப் பெண் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்முனையில் செய்யுள் மாதிரி ஒரு பெருமூச்சு.

"அறிவியல் என்பது ஒரு பெரும் நதி. அதில் எலி விரட்டிகள் மிதந்து போகலாம். நதி நிற்காது."

"சார், அத்தியாயம் தப்பு சார்."

"தப்பு என்று நீ சொல்கிறாய். விதிவிலக்கு என்று நான் சொல்கிறேன். அந்த ஒரு பதிவை அப்போதே எடுத்துவிடச் சொன்னேன். நீ பிடிவாதமாகப் பின்னிணைப்பில் சேர்த்தாய். தேர்வாளர்கள் பின்னிணைப்பு படிப்பதில்லை. நானே படிப்பதில்லை."

"நான் தேர்வுல சொல்லப் போறேன் சார்."

நதி நின்றது. குரல் மாறியது. "இங்க பாரும்மா. அந்தக் கோட்பாடு என் பேர்ல வெளியே போயிருக்கு. சபையில நீ எழுந்து அதை உடைச்சா, படகு வேலைக்கு என்கிட்ட சிபாரிசு கேட்டு வராதே. பட்டமே கிடைக்குதான்னு பாரு."

போன் வைத்த பிறகு, பேராசிரியருக்கும் சாதாரணமாகப் பேச வரும் என்பதைத் தெரிந்துகொண்ட வியப்பில் எல்லோரும் போனையே பார்த்தோம். குஷன்காரர் மெதுவாகக் கேட்டார். "படகு போயிடுமா கண்ணு?"

"போயிடும்னுதான் நினைக்கிறேன்."

"நான் போய் அவர்கிட்ட நான்தான் பண்ணினேன்னு சொல்லட்டுமா? உனக்குத் தெரியாதுன்னு?"

"எனக்கு இப்பத் தெரியுமேப்பா."

அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வக்கீல் வீட்டு சோபாவில் பின் அடிக்கப் போனார். என்னை எழுந்திருக்கச் சொன்னார். வழக்கமாகச் சொல்லமாட்டார்.

தேர்வன்று நாங்கள் எல்லோரும் போனோம். மாமா பலகையை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து, மண்டபத்துக்கு வெளியே, எழுத்து தெரியாமல் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். பார்வையாளர்களுக்கும் கேள்வி கேட்காத பேராசிரியர்களுக்கும் குஷன் நாற்காலிகள். குஷன்காரர் உட்காரும்முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "மட்டமான ஃபோம்" என்று என் காதில் சொன்னார். அதற்கப்புறம்தான் அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதான அம்மாள். வாழ்நாள் முழுக்கத் திமிங்கலங்களோடு திரிந்தவர். துணி ஷூ, ஒரு காதில் கேட்கும் கருவி. பேராசிரியர் எழுந்து, "ஒலி என்பது என்ன?" என்று அறிமுக உரையைத் தொடங்கியதும் அந்த அம்மாள் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் எதையோ குறைத்துக்கொண்டார். உரை முடிந்து கைதட்டல் தெரிந்தபோது மறுபடி கூட்டினார்.

முதல் மூன்று அத்தியாயங்களும் நன்றாகவே போயின. காற்றிலும் தண்ணீரிலும் எதிரொலி திரும்பும் வேகம், வவ்வால் வாயைத் திறக்கும் அகலம், டால்பின் நெற்றிக்குள் இருக்கும் கொழுப்பு சத்தத்தைக் குவிக்கும் விதம், கீழ்த்தாடை வழியாக அது கேட்கும் விதம். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே பாவாடையில் பசை ஒட்டிக்கொண்டு ஃபோம் துண்டுகளில் குதித்த பெண், பெரிய மனிதர்கள் கேட்கக் கேட்கத் தடுமாறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரையை நெருங்கும் கடைசி நொடியை விளக்கும்போது மேஜையில் விரலால் தட்டிக் காட்டினாள். டக். டக். டக்-டக். டர்ர்ர். என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்தது நாலாவது அத்தியாயம்" என்றார் தேர்வாளர்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள் பெண். "நாலாவது அத்தியாயத்தோட முடிவு தப்பு."

அவள் இரண்டு பதிவுகளையும் திரையில் போட்டாள். நேர்க்கோடு, நின்ற இடம், இறங்கிய கீறல்கள். எலி விரட்டும் கருவி என்று சொன்னபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. "இதை நான் முன்னாடியே பாத்திருக்கணும். கோடு கண்ணு முன்னாடியே இருந்தது. கேள்வி கேக்காம விட்டது என் தப்பு."

பேராசிரியர் எழுந்தார். "ஒரு சிறு தொழில்நுட்ப இடையூறு. கோட்பாட்டின் உயிர்நாடிக்கு இதனால்..."

"உட்காருங்க சார். உயிர்நாடியை அப்புறம் பாக்கலாம்" என்றார் அம்மாள். பிறகு பெண்ணிடம், "நான் உண்மையைச் சொல்லிடறேன். பின்னிணைப்பை நானும் புரட்டினேன். கோடு நின்னதை நான் கவனிக்கல. நீங்க சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு சரின்னு எழுதிட்டுப் போயிருப்பேன்" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கருவியை வெச்சது யாரு?"

பெண் வாயைத் திறப்பதற்குள் நாற்காலி கிறீச்சிட்டது. குஷன்காரர் எழுந்து நின்றிருந்தார். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு.

"நான்தாங்க. அவங்கப்பா."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எலி போச்சா?"

"இல்லீங்க" என்றார் குஷன்காரர். "ஒண்ணுகூடப் போகல."

சிரிப்பு அடங்க நேரமானது. சிரிக்காதவர் பேராசிரியர் ஒருவர்தான். அம்மாள் கேட்கும் கருவியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்பைச் சொன்னார். இன்று பட்டம் இல்லை. கருவியைப் போட்டும் நிறுத்தியும் பதிவுகளைப் புதிதாக எடுத்து, அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும். இரைச்சலில் வவ்வால் என்ன செய்கிறது, டால்பின் என்ன செய்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். "கோட்பாட்டுக்குப் பேர் வைக்கிறதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று சொல்லத் தேவையில்லை.

படகில் அந்த வருடம் வேறொருவன் போனான். அதற்காகப் பெண் ஒருநாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், எனக்குக் கேட்டது. பேராசிரியர் 'ஆய்வில் சுயதிருத்தம்: எனது வழிகாட்டல்' என்று ஒரு கட்டுரை எழுதினார், நானும் படித்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது நாங்கள் திரும்பி வந்த சாயங்காலத்தைப் பற்றி. மாமா பலகையைக் கடைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். முட்டைக்கடைக்காரர் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"என்னங்க, டாக்டர் ஆயிட்டாங்களா?"

"ஆகல" என்றார் குஷன்காரர். அவர் மோவாய் நிமிர்ந்திருந்த விதத்தைப் பார்த்த யாரும் ஆகிவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். "ரூம் பூரா பெரிய பெரிய ஆளுங்க. ஒருத்தர் கேக்கல, ஒருத்தருக்குத் தெரியல. கேள்வி கேக்க வந்த அம்மாவுக்கே தெரியல. எம் பொண்ணு எழுந்து நின்னு, தப்புன்னா. தானாவே! குரல் கொஞ்சம்கூட நடுங்கலய்யா."

"ஃபெயிலாயிட்டு வந்ததுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"உனக்குச் சொன்னா புரியாது. உள்ள வா, காட்டறேன்." பின் அடிக்கும் துப்பாக்கியைத் தேடினார்.

பலகை இப்போதும் கடையில்தான் இருக்கிறது, சுவரைப் பார்த்தபடி. ஃபோம் வெட்ட அதை எடுக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, "அதுக்கு வேலை இருக்கு, தொடாதே" என்றார். வாழ்த்துவோர் படம் இருக்கும் பக்கத்தை மட்டும் வெட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார்.

பதிவுகள் மறுபடி தொடங்கின. ஒரு சாயங்காலம் கருவி ஓடும், மறு சாயங்காலம் ஓடாது. சுவிட்ச் போடும் அதிகாரம் குஷன்காரருக்கு. வவ்வால் வெளியேறும் நேரத்தில் தையல் மெஷின் நிற்க வேண்டும், யாரும் பேசக் கூடாது, சோபா எடுக்க வந்தவர்கள் தெருவில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார். சத்தம் போடாமல் இருப்பேன் என்ற உறுதிமொழியின்பேரில் என்னையும் ஒரு மூலையில் அனுமதித்தார்கள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம். "போடுங்கப்பா" என்று பெண் உதட்டை மட்டும் அசைத்தாள். அவர் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை. கூரை இடுக்கில் முதல் வவ்வால் கழன்று விழுந்து பறந்தது. பெண் மடிக்கணினியை அவர் பக்கம் மெல்லத் திருப்பினாள். திரையில் கோடு வர ஆரம்பித்திருந்தது. அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இதுதான் நான் போட்ட சத்தமா?" என்று கிசுகிசுத்தார்.

அவள் தலையாட்டினாள்.

விளிம்புத் தையலைச் சரிபார்க்கிற மாதிரி ஒரு விரலைத் திரையில் வைத்து, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பெண்ணைப் பார்த்து, தான் விதித்த உத்தரவைத் தானே மறந்து உரக்கச் சொன்னார்.

"கோணலே இல்ல கண்ணு. நேரா இருக்கு."